மணி அடிக்கும் பொறுப்பு

தலையில் குமிழ் வைத்த அந்த மேசை மணி முதல்வரின் அறையிலிருந்து வந்தது. அட்டெண்டரைக் கூப்பிட அவர் உள்ளங்கையால் அதன் மண்டையில் தட்டுவார், அதே மண்டையில் இன்று தட்டும் பொறுப்பு திருமூர்த்திக்கு, இயந்திரவியல் துறை உதவிப் பேராசிரியர், பதினோரு வருட அனுபவம். அனுபவம் என்ற சொல்லைக் காலையிலிருந்து எத்தனை முறை கேட்டாயிற்று, மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கிற பேனரிலேயே நான்கு இடத்தில் இருக்கிறது, அனுபவவழிக் கற்றல், மாணவர்களுக்கான எலிவேட்டர் பிட்ச் போட்டி, தரைத்தளத்தில் லிஃப்டில் ஏறிய பெரிய மனிதர் மேல்தளத்தில் இறங்குவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க வேண்டுமாம், தொண்ணூறு விநாடி, இந்தக் கல்லூரி லிஃப்டில் மாணவர்கள் ஏறினால் அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம். தொண்ணூறாவது விநாடியில் மணி. மணிக்குப் பிறகு ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, பேசினால் மைக் அணையும். இந்த விதியை எழுதியவனும் திருமூர்த்திதான். மேடையில் இப்போது பதின்மூன்றாவது ஆள், பிரனேஷ், என் கைகள்தான் என் முதல் ஆசிரியர்கள் என்கிறான், கையை வேறு தூக்கிக் காட்டுகிறான், மோதிரமும் கயிறுமாக, அந்த வாக்கியத்தையும் எழுதியது திருமூர்த்திதான். பதினெட்டுப் பேருக்கும் அவன்தான் எழுதினான், போன வாரம் மூன்று நாள், விடைத்தாள் திருத்துகிற சாக்கில் உட்கார்ந்து, பதினெட்டு அனுபவங்கள். உருக்கிய இரும்பு தெறித்து என் முழங்கையில் தழும்பானது என்று பிரனேஷ் சொல்லும்போது முழங்கையைச் சட்டைக்குள் பத்திரமாக மறைத்துக்கொண்டான், புத்திசாலி. தழும்பு இருப்பது திருமூர்த்தியின் முழங்கையில். முதல் நேர்முகத் தேர்வுக்குச் சட்டை தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டி பட்டது. முன்வரிசையில் நடுவர் அமலோற்பவ மேரி அம்மையார் அடடா என்று தலையை ஆட்டி எதையோ குறித்துக்கொண்டார், இஸ்திரிப் பெட்டிக்குப் பத்துக்கு எட்டாவது விழுந்திருக்கும். அலைபேசியில் எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. அடித்தான். கைதட்டினார்கள். இன்னும் இரண்டு பேர், பிறகு ஜீவிதா.

ஜீவிதா எழுதிய தாள் அவன் சட்டைப்பையில் இருந்தது, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, வியர்வையில் நனைந்து. அரைமணி நேரத்துக்கு முன்பு, மேடைக்குப் பக்கத்தில், நாற்காலிகள் அடுக்கி வைத்திருக்கிற சந்தில் வந்து நீட்டினாள். "சார், நீங்க எழுதிக் குடுத்தத நான் பேசலீங் சார். கோச்சுக்காதீங். சொந்த அனுபவம்னு போட்டிருக்குதுங்களே, எனக்கு நெசமாவே இருக்குதுங்களே, அதையே எழுதிட்டனுங்." எங்கேம்மா இருக்குது என்று கேட்டான், சிரித்துக்கொண்டேதான் கேட்டான், அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் பல் கூசுகிறது. "ஃபவுண்டரிலதானுங். பதினஞ்சு நாளும் போனனுங் சார். நீங்கதானுங்களே லெட்டர் குடுத்தீங்க." கடிதம். எந்தக் கடிதம் என்று ஒரு கணம் அவனுக்கே புரியவில்லை. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போய்ப் பதினைந்து நாள் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் வழக்கம், எடுத்ததாக எழுதுவது கல்லூரியின் வழக்கம். இரும்பு வார்க்கிற ஃபவுண்டரி ஒன்றின் பெயருக்கு நாற்பத்திரண்டு கடிதம் அச்சடித்து, ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்து, கல்லூரி வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்து, போட்டோ எடுத்த கையோடு கடிதங்களைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குத் தெரியும், பெற்றோருக்கும் அரைகுறையாகத் தெரியும், யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. போட்டோ எடுத்த அன்று ஜீவிதாவுக்கு அம்மை போட்டிருந்தது. விடுமுறைக்கு முதல் நாள் முகமெல்லாம் தழும்போடு வந்தாள், வராந்தாவிலேயே கடிதத்தைக் கையில் கொடுத்துத் தன் அலைபேசியில் ஒரு படம் பிடித்தான், அந்த நேரம் பார்த்து முதல்வர் கூப்பிட்டார், ஓடினான். கடிதத்தைத் திருப்பி வாங்க மறந்துவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. அவள் கடிதத்தைப் படித்திருக்கிறாள். கல்லூரி கொடுக்கிற கடிதத்தைப் படித்து அதன்படி நடக்கிற ஒரு பிள்ளை நாற்பத்திரண்டில் இருக்கும் என்று யார் கண்டது, சனியன், விடுமுறைதானே, வீட்டில் கால் நீட்டிப் படுத்துக் கிடந்தால் என்ன கேடு, இரண்டு பஸ் மாறி, விடிகாலையில் எழுந்து, ஒரு கடிதத்தை நம்பி.

தாளில் ஒன்பதாவது வரி. எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேருக்குக் கடிதம் கொடுத்தார்கள், ஃபவுண்டரி வாசலில் போய் நின்றது நான் ஒருத்திதான், பதினைந்து நாளும் வேறு யாரும் வரவில்லை. மணிமணியான கையெழுத்து, தேர்வுத்தாளில் எழுதுவதுபோல மார்ஜின் விட்டு. இந்த வரி வேண்டாம்மா என்றான். "ஏனுங் சார்? பொய்யில்லீங்களே." ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது, ஏன் என்று சொல்லத் தொடங்கினால் எல்லாவற்றையும் அல்லவா சொல்ல வேண்டும், இவளிடமா, போன பருவத்தில் தேர்வு எழுதும்போது பேனா மை தீர்ந்ததற்குக் கண் கலங்கிய பெண்ணிடமா. நேரம் போதாது என்றான். "பத்துத் தடவ ஓட்டிப் பாத்தனுங், எம்பத்தாறு செகண்டுதானுங் வருது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவனுக்காகப் பரிதாபப்படுகிற முகத்தோடு, அந்தப் பரிதாபத்துக்காகவே அவளை அறையலாம் போலிருந்தது, கேட்டாள், "மத்தவங்க வர்லீங்கறது உங்களுக்குத் தெரியாதுங்களா சார்?" தெரியாது என்று அவன் வாய் சொன்னது. அவன் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது, வாய் தன்பாட்டுக்கு வேலை செய்து பழகியிருந்தது. "அதானுங் சார். எல்லாரும் சேந்து உங்கள ஏமாத்திப்போட்டாங்க. அத யாராச்சும் சொல்லோணுமில்லீங்களா?" அதற்குள் போட்டியாளர்களை உள்ளே கூப்பிட்டார்கள், தாளை அவன் கையில் விட்டுவிட்டு ஓடினாள், பேச்சு மனப்பாடம், தாள் எதற்கு. ஏமாற்றப்பட்ட அப்பாவி ஆசிரியருக்கு நியாயம் வாங்கித் தரப் போகிறாள். இவளை யார் கேட்டார்கள்? தன் பக்கம் நிற்கிறவளை வெறுப்பதுபோல எதிரியைக்கூட வெறுக்க முடியாது என்று திருமூர்த்திக்குத் தோன்றியது, தோன்றியதும் வெட்கமாக இருந்தது, வெட்கம் வந்ததும் இன்னும் அதிகமாக வெறுத்தான்.

பதினான்காமவள் ஏறிவிட்டாள். அலைபேசியில் விநாடி ஓட்டத்தை அழுத்தினான், எண்கள் ஓடின. இந்தப் பெண்ணுக்கு என்ன எழுதினோம், கடைசல் இயந்திரத்தின் ஓசையிலேயே அதன் நோயைக் கண்டுபிடித்த கதை, ஆமாம், கல்லூரிப் பட்டறையில் ஆறு கடைசல் இயந்திரங்கள், நான்கு ஓடுவதில்லை, ஓசைக்கு எங்கே போவாள். முதல்வர் நடுவரின் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தார், வெற்றிலை போடாத வாயிலும் எப்போதும் எதையோ மெல்லுகிற அசைவு அவருக்கு. காலையில் சொன்னார், "திருமூர்த்தி, அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷனுக்குக் குழுத் தலைவியா வர்றது இந்தம்மாதான். சும்மா ஒரு பழக்கத்துக்குத்தான் இன்னைக்குக் கூப்புட்டிருக்குது. சின்னப் பிசகும் வரக் கூடாது. டிரெய்னிங் ஃபைலு உம்படதுப்பா, ஞாபகம் வச்சுக்க." ஞாபகம் இல்லாமல் என்ன. பயிற்சிக் குறிப்பேடு, நாற்பத்திரண்டு பேர், பதினைந்து நாள், அறுநூற்று முப்பது இடத்தில் பொறுப்பாசிரியர் கையெழுத்து, ஒரே உட்காரலில் போட்டது தெரியக் கூடாதென்று நான்கு பேனாக்களை மாற்றி மாற்றி, சிலவற்றைச் சாய்த்து, சிலவற்றை அவசரத்தில் போட்டதுபோலக் கிறுக்கி. சொன்னது முதல்வர், சொன்னதற்கு எங்கே சாட்சி, கையெழுத்து என்னவோ அவனுடையது. அதில் ஜீவிதாவுக்கும் பதினைந்து நாள் வருகை போட்டிருக்கிறான், அறுநூற்று முப்பதில் அந்த ஒரு வரிசை மட்டும் தற்செயலாக உண்மையாகிப் போனது, அந்த உண்மைதான் மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகப் போகிறது. சாப்பாட்டு வேளையில் அம்மையார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "டிரெய்னிங் லாக் புக்கெல்லாம் பிள்ளைங்களே எழுதுறாங்களா சார்?" ஆமாங் மேடம் என்றான், தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே. சாதாரணமாகக் கேட்டாரா, தெரிந்து கேட்டாரா? கண்ணாடியைத் துடைக்கிறவர்கள் எப்போதும் எதையோ தெரிந்து வைத்துக்கொண்டு கேட்கிறவர்கள்போலவே இருக்கிறார்கள்.

மணி. பதினைந்தாமவன். எழுந்து போய் அவள் பெயரை அடித்துவிடலாமா, பட்டியல் அச்சாகி நடுவர் கையில் இருக்கிறது. முதல்வரின் காதில் சொல்லலாமா, சொன்னால் கடிதத்தைத் திருப்பி வாங்காத முட்டாள் யாரென்று முதலில் கேட்பார், நடுவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், காது கேட்காதவர் மாதிரியும் தெரியவில்லை. மைக்கைப் பழுதாக்கலாம், இந்தச் சின்ன அரங்கில் மைக் இல்லாமலே கேட்கும். பேசட்டுமே. பேசித் தொலையட்டுமே. சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப் பேர் தூங்குகிறார்கள், ஒரு வரிதானே, யார் காதில் விழப் போகிறது? விழும். நாற்பத்திரண்டு என்ற எண் யார் காதிலும் விழும், அம்மையார் பேனாவை நிறுத்துவார், அப்படியா, மற்ற நாற்பத்தொரு பேர் எங்கேம்மா போனார்கள் என்பார், அவள் திரும்பித் திருமூர்த்தியைக் காட்டுவாள், எங்க சாருக்குத் தெரியாதுங் மேடம் என்று அவனுக்காக வாதாடுவாள், குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்வார்கள், நான்கு பேனா. முதல்வர் அப்போதும் மென்றுகொண்டிருப்பார், எனக்கும் தெரியாதுங் மேடம், இவர்தான் பொறுப்பு என்பார். பிறகு எங்கே போவது? முதலில் வேலை பார்த்த கல்லூரி இன்று கல்யாண மண்டபம், அவன் இயக்கவியல் நடத்திய அறையில் மாப்பிள்ளை வீட்டார் தங்குகிறார்கள், இரண்டாவது கல்லூரி சேர்க்கை இல்லாமல் கதவடைத்தது. இது மூன்றாவது. முப்பத்தெட்டு வயதில் நான்காவது வாசலில் போய் நின்றால், கையெழுத்து மோசடியில் மாட்டிய ஆள் என்பதும் கூடவே வந்து நிற்கும். ஆனால் பேசட்டுமே என்று உள்ளே எதுவோ மறுபடி சொன்னது, ஒருமுறை யாராவது சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துபோகும், எழுத வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம், அடுத்தவர் வாய்க்கு வாக்கியம் தயாரிக்க வேண்டாம், படுத்தால் தூக்கம் வரும். அந்த நினைப்பு எட்டு விநாடி இருந்திருக்கும். ஒன்பதாவது விநாடியில் பயம் வந்து அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது, சொந்த வீட்டுக்கு வருவதுபோல வந்து உட்கார்ந்தது. அலைபேசி அவன் முன்னால், அவன் பக்கம் முகம் காட்டிக் கிடந்தது. அதில் ஓடுகிற எண்களை அரங்கில் வேறு யாராலும் பார்க்க முடியாது. இதைப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, சந்தில் நின்று அந்த வரியைப் படித்தபோதே அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது, தெரியாததுபோல இவ்வளவு நேரம் சுற்றி வந்திருக்கிறான்.

ஜீவிதா மேடைக்கு வந்தாள், மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள், அது கிறீச்சிட்டது, சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். "வணக்கமுங்க. எம் பேரு ஜீவிதா, மூணாம் வருசம் மெக்கானிக்கல். பம்புக்குள்ள தண்ணி போற வழி இருக்குதுங்களே, அது ஒண்ணுமில்லாத எடம். அந்த ஒண்ணுமில்லாத எடத்த மொதல்ல மண்ணுல செய்யோணுமுங்க. அதுக்குப் பேரு கோர்." இவள் பேச்சின் தொடக்கமே சரியில்லை, வணக்கத்துக்குப் பிறகு தன்னம்பிக்கையான ஒரு வாக்கியம் வர வேண்டும், அவன் எழுதிக் கொடுத்ததில் இருந்தது, இவள் நேரே மண்ணுக்குப் போய்விட்டாள். அரங்கில் பேச்சுச் சத்தம் குறைந்தது. "மண்ண அச்சுல அடைச்சு, அதுக்குள்ள கேஸ் விட்டு இறுக வைப்பாங்க. கொஞ்சமா விட்டா கையோட உதுரும். ரொம்ப விட்டா பொரிஞ்சு போகும். மொத மூணு நாளும் நான் செஞ்ச அத்தனையும் ஒடைஞ்சு போச்சுங்க. கோர் செய்யற அக்கா ஒருத்தவங்க, சகுந்தலாக்கா, அவங்ககிட்ட கேட்டனுங், எத்தன செகண்டு கேஸ் விடோணுமுங்க்கா? அவங்க சிரிச்சாங்க. செகண்டெல்லாம் உங்க காலேஜுக்கு, இங்க நகத்துல கீறிப் பாக்கோணும், கோடு விழுகறப்ப உனக்கே தெரியும்னாங்க." முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. அந்தப் பாடத்தை அவன் பதினோரு வருடமாக நடத்துகிறான், மூன்றாம் அலகு, வாயு செலுத்தும் நேரம் குறித்த அட்டவணையோடு, ஐந்து மதிப்பெண் கேள்வி. நகம் என்று எங்கேயும் இல்லை. அவன் ஒரு கோர்கூடக் கையால் தொட்டதில்லை. யாரும் கேட்டதுமில்லை. "நாலாவது நாள் ஒண்ணு நின்னுச்சுங்க. அத அச்சுல வச்சு, இரும்பு ஊத்தி, ஆறுனப்பறம் ஒடைச்சுப் பாத்தாங்க. உள்ள வழவழன்னு, தண்ணி போற வழி. எங்கையில செஞ்ச மண்ணு உதுந்து போயிருச்சு, ஆனா வழி அங்க இருந்துச்சுங்க. எனக்கு அழுக வந்துருச்சு." யாரும் சிரிக்கவில்லை. அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மேசையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், பின்வரிசையில் தூங்கியவன்கூட விழித்திருந்தான். நன்றாகப் பேசுகிறாள். அவன் எழுதிய பதினேழையும் ஒரு தட்டில் வைத்தால் இவளுடைய ஒரு நகத்துக்கு ஈடாகாது, அது அவனுக்குத் தெரிந்தது, பெருமைபோல ஒன்றும் கூடவே வந்தது, அதை அவனால் பொறுக்க முடியவில்லை. ஐம்பத்தைந்து. எட்டாவது வரி முடிந்தது. அவள் மூச்சு வாங்கினாள். திரும்பி, மேடைக்குக் கீழே ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவனைப் பார்த்தாள், தைரியமாக இருங்கள் என்பதுபோல ஒரு பார்வை, "எங்க வகுப்புல நாப்பத்திரண்டு பேருக்கு" என்றாள்.

அடித்தான்.

அறுபத்தொன்று. ஓட்டத்தை நிறுத்தி அலைபேசியைக் கவிழ்த்து வைத்தான். மணியின் ஓசை இவ்வளவு நேரம் நீளுமென்று இதுவரை அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் வாய் திறந்தபடி நின்றாள். அரங்கில் யாரும் கடிகாரம் பார்த்திருக்கவில்லை, அவள் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதுவே அவனுக்கு வசதியாகப் போயிற்று. "முடிஞ்சுதுங்களா சார்?" என்று மைக்கிலேயே கேட்டாள். ஒலிபெருக்கியில் அது அவன் தலைக்கு மேலிருந்து வந்தது. இந்தமுறை வாய் தன்பாட்டுக்குச் சொல்லவில்லை. அவன்தான் சொன்னான், முழு அறிவோடு, அவள் முகத்தைப் பார்த்து.

"முடிஞ்சுதும்மா."

"சரிங் சார்" என்றாள் உடனே. கைதட்டல் பலமாக எழுந்தது, முதல்வரும் தட்டினார். அம்மையார் மைக் இல்லாமலே, "ரொம்ப நல்லாப் பேசினேம்மா. ஆனா சொல்ல வந்தத முடிக்கல பாரு, நேரத்தையும் கவனிக்கணும்" என்றார், சொல்லிவிட்டு எதையோ அடித்துக் குறைத்து எழுதினார். திரும்பித் திருமூர்த்தியைப் பார்த்து, "கறாரா இருக்கீங்க சார், இப்படித்தான் இருக்கணும்" என்றார். ஜீவிதா படியிறங்கி அவன் மேசையைக் கடந்துதான் போக வேண்டும். இவளுக்குத் தெரியும், பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தவள், எண்பத்தாறு விநாடியைக் கையில் வைத்திருப்பவள், இப்போது நின்று கேட்பாள், சத்தமாகக் கேட்பாள், கேட்கட்டும், திட்டட்டும், அலைபேசியைப் புரட்டிப் பார்க்கட்டும், அவன் தடுக்க மாட்டான். அவள் நின்றாள், குனிந்தாள். "மன்னிச்சுக்கங் சார். மெதுவாப் பேசிட்டனாட்ட இருக்குதுங். உங்களப் பத்திச் சொல்லவே முடியாமப் போயிருச்சு." கண் கலங்கியிருந்தது, அவனுக்கு நியாயம் வாங்கித் தர முடியாமல் போன வருத்தம். அவனுக்கு அவள்மேல் இருந்த வெறுப்பெல்லாம் போக இடமில்லாமல் அப்படியே திரும்பி வந்து அவன்மேல் விழுந்தது. பரவாயில்லம்மா, போய் உக்காரு என்றான். பதினேழாமவன் மேடையில் மைக்கை உயர்த்திக்கொண்டிருந்தான். திருமூர்த்தி அலைபேசியைப் புரட்டி, அறுபத்தொன்றை அழித்தான்.